ஒன்றை விட்டுவை

ஆறரை மணியாகியும் மீன் தலைகள்மேல் ஒரு அண்டங்காக்கைகூட வந்து உட்காரவில்லை.

ஹெல்கா முதலில் கவனித்தது அதைத்தான். கரடி வரும், வராமல் போகும், அது கரடியின் இஷ்டம். வந்தவர்கள் முகம் வாடினால் அவள் கையை விரித்துவிடுவாள். ஆனால் காக்கை வராமல் அவள் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக இந்தச் சதுப்பின் ஓரத்தில் கரடிக்காக மீன் தலை கொட்டுகிறாள். வாளியைக் கவிழ்த்து முடிப்பதற்குள் மர உச்சியிலிருந்து நாலு இறங்கிவிடும், திருட்டுப் பயல்கள் என்று தம்பி ரெய்மா திட்டிக்கொண்டே கல்லெடுப்பான். இன்றைக்கு வாளி கவிழ்த்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. தலைகள் பாசியின்மேல் வெள்ளையாகக் கிடந்தன. ஈகூட மொய்க்கவில்லை.

மே மாத நடுவில் வடகோடியிலிருக்கும் இந்தக் கைனூக் காட்டில் இரவு என்பது பெயருக்குத்தான். சூரியன் பத்து மணிக்கு இறங்கினாலும் வெளிச்சம் இறங்காது. சாம்பல் கரைத்த தண்ணீர் மாதிரி ஒரு வெளிச்சம் விடியும்வரை மரங்களுக்கு நடுவே தேங்கி நிற்கும். அந்த வெளிச்சத்தில்தான் கரடி வரும். அதைப் பார்க்கத்தான் சனங்கள் அவளிடம் வருகிறார்கள், சதுப்பைப் பார்த்த அந்தப் பலகை அறையில் ராத்திரி முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். ஊரில் அதைப் பெட்டி என்றுதான் சொல்வார்கள். ஒரே கதவு, உள்ளே தாழ்ப்பாள். முன்பக்கம் நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை, அதன் கீழே கேமரா லென்ஸை நீட்ட வட்டமாக மூன்று ஓட்டைகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். உள்ளே இருப்பவர்கள் அசைவது தெரியாமலிருக்க ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கறுப்புத் துணிக்குழாய், முழுக்கைச் சட்டையின் கை மாதிரி, தொங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டிக்கு ஒரே ஒரு சட்டம். சாயங்காலம் ஐந்துக்கு உள்ளே போனால் காலை ஏழுக்குத்தான் வெளியே. நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. அவசரத்துக்குத் திரைக்குப் பின்னால் வாளி. ஏழு மணிக்கு வீட்டிலிருந்து யாராவது காப்பியோடு வந்து இரண்டு தட்டு தட்டுவார்கள்.

நாளைக்குத் தட்டப்போவது ஐலி. ஹெல்காவின் ஒரே மகள், இருபத்திரண்டு வயது, கயானி நகரத்தில் நர்ஸ் படிப்பு. கிறிஸ்துமஸுக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாமா தூங்கட்டும், காலையில நானே வர்றேன் என்று அவளாகவே சொன்னது ஹெல்காவுக்கு நாள் முழுக்க நெஞ்சுக்குள் இனித்துக்கொண்டிருந்தது. புருஷன் சுவீடனுக்குப் போய்ப் பதினைந்து வருஷம். அவளுக்கென்று இருப்பது அந்த ஒரு பெண்தான்.

இன்றைக்கு வந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஓர்வோக்கி, அவர் கணவர் ஆதோஸ். ஆசிரியை மடியில் ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் அவர் பார்த்த முந்நூற்று நாற்பத்தொரு பறவைகளும் தேதியோடு இருந்தன. கரடிதான் பாக்கி. ஆதோஸ் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுக்கைப் பலகையில் சாய்ந்த ஐந்தாவது நிமிஷம் குறட்டை கிளம்பியது.

"இந்தக் கொறட்டையக் கேட்டு எதாவது பொண்ணுக் கரடி மாப்பிள்ளை பாக்க வந்தாத்தான் உண்டு," என்று கிசுகிசுத்தார் ஓர்வோக்கி. கொஞ்ச நேரம் கழித்து, சிரிப்பு போன குரலில், "ஏம்மா ஹெல்கா, நான் பாக்காத பறவை எத்தனையோ உண்டு. பறவையே இல்லாத ஏரிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."

அவர் சொன்ன பிறகுதான் ஹெல்காவின் காதிலும் அது விழுந்தது. சதுப்புக்கு அந்தப் பக்கம் ஏரி. இந்த நேரத்துக்கு அங்கே மூழ்குப்பறவை ஊளையிட வேண்டும், உள்ளான்கள் வானத்தில் ஆட்டுக்குட்டி போலக் கத்திக்கொண்டு வட்டமடிக்க வேண்டும், குயில் ஒன்று விடாமல் கூவி மண்டையைக் குடைய வேண்டும். ஒன்றும் இல்லை. பலகை இடுக்கு வழியாகச் சதுப்புச்செடியின் தலைசுற்றும் வாசனையும், ஈரப் பாசியின் குளிர்ச்சியும், அவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் வந்தன. மூடிவைத்த இறகு மெத்தையின் வெதுவெதுப்பான வாசனை. அது காட்டில் வரக்கூடிய வாசனை அல்ல. காற்று மாறும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசிரியைக்குச் சொல்லிவிட்டு, தனக்கும் சொல்லிக்கொண்டாள்.

ஹெல்கா பெட்டியில் தூங்குகிறவள் இல்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் கண் அசந்தது. விழித்தபோது அவள் முக்காலியில் இல்லை. தரையில், மூலையில், முழங்கால்கள் முகவாயைத் தொட, கைகளால் கால்களைக் கட்டிக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருந்தாள். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. முடியிலும் அந்த இறகு மெத்தை வாசனைதான் அடித்தது. வழுக்கி விழுந்திருப்போம் என்று நினைத்தாள். முடி எப்படி நனைந்தது என்று நினைக்கப் போனபோது மனம் அங்கே போக மறுத்தது.

ஓர்வோக்கி சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஏதோ ஒன்று குறைந்தது. குறட்டை.

ஆதோஸின் கம்பளி மடிப்புக் கலையாமல் கிடந்தது. மூக்குக் கண்ணாடி மடக்கிய நிலையில் பலகையில் இருந்தது. படுக்கைக்கு மேலே இருந்த ஓட்டையின் துணிக்குழாயில் ஒரு கம்பளிக் காலுறை பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது.

எழுப்பியதும் ஓர்வோக்கிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வாளி இருக்கும்போது இந்த மனுஷன் வெளியே போயிருக்கிறாரே, கரடியெல்லாம் இனி எங்கே வரப்போகிறது என்று காலணியைத் தேடினார். ஆசிரியை அல்லவா, கணக்கு அவருக்கே வந்தது. ஒரு காலில் காலணியோடு நிமிர்ந்து கதவைப் பார்த்தார்.

"அவரு வெளிய போனாருன்னா, தாழ்ப்பாள உள்ள யாரு போட்டது?"

"நான் போடல, டீச்சர்."

அவர் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். பிறகு அந்தப் படுக்கைக்கு மேலிருந்த ஓட்டையிடம் போய், துணிக்குழாயை விரித்து, அதற்குள் முகத்தை வைத்து மெல்ல, வீட்டில் காப்பிக்குக் கூப்பிடும் குரலில், ஆதோஸ் என்று கூப்பிட்டார். ஹெல்கா குனிந்து பைக்குள் போனைத் துழாவினாள். சேற்றில் மாட்டிய பூட்ஸைப் பிடுங்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். நிமிர்ந்தாள்.

முக்காலி ஆடிக்கொண்டிருந்தது. நோட்டு தரையில் விரிந்து கிடந்தது. ஒரு காலணி. துணிக்குழாய் உள்புறம் வெளியாகப் புரண்டு, வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கத்தல் இல்லை. புல்லில் காலடி இல்லை.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். போனில் ஒரே ஒரு கோடு சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. விரல் எழுத்துகளைத் தப்புத் தப்பாக அழுத்தியது. கடைசியில் 'ரெய்மா வா' என்று மட்டும் போயிற்று. பதினொன்று நாற்பது. முதுகைக் கதவில் ஒட்டிக்கொண்டு, மூன்று ஓட்டைகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முயன்றபடி அவள் நின்றாள்.

ரெய்மா வந்தபோது பன்னிரண்டரை இருக்கும். இரண்டு தட்டு. நீராவிக் குளியல் போட்ட சோப்பு வாசனையோடும், இடுப்பில் கத்தியோடும், வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஐலியை எழுப்பவில்லை, சாப்பாட்டு மேஜையில் ஒரு சீட்டு மட்டும் எழுதி வைத்துவிட்டு வந்தேன் என்றான். அவள் சொன்னதையெல்லாம் கேட்டான், நம்பவில்லை. கிழவனும் கிழவியும் காப்பிக்காகக் காரைத் தேடிப் போயிருப்பார்கள், நீ அசந்து தூங்கியிருப்பாய் என்றான். பிறகு டார்ச்சை அவள் முகத்தில் அடித்துவிட்டுச் சிரித்தான்.

"என்னக்கா இது, நெத்தியில? முட்டைக்குப் போடற குறிய உனக்கே போட்டுக்கிட்டியா?"

அவள் நெற்றியைத் தொட்டாள். விரலில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது; தார் வாசனை. ஆதோஸின் மூக்குக் கண்ணாடியை எடுத்து, அதில் தெரிந்த மங்கலான முகத்தைப் பார்த்தாள். புருவங்களுக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. இரண்டு கோடும் அழுத்தமாக, நிதானமாக, அவசரமில்லாத கையால் போட்டது.

ரெய்மா அதற்குள் நடு ஓட்டையிடம் போயிருந்தான். துணிக்குழாயில் கையை விட்டு, பெட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன் என்றான். வேண்டாம் என்று அவள் சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்குத் தெரியவில்லை. தோள்வரை கை வெளியே போயிருந்தது. அவன் முகம் பலகையில் அழுந்தி, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தில் பயமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"அக்கா," என்றான், "யாரோ கை குடுக்கறாங்கக்கா."

அந்த ஓட்டை ஒரு தட்டு அகலம். ரெய்மா வாசலை அடைத்து நிற்கிற ஆள். அவள் கண்ணெதிரே போனான். இரண்டு கையாலும் அவன் கால்சட்டையைப் பிடித்திருந்தாள், துணி நழுவியது, பூட்ஸைப் பிடித்தாள், பூட்ஸ் கையோடு வந்துவிட்டது. உடைகிற சத்தமோ கிழிகிற சத்தமோ இல்லை. மிக ஜாக்கிரதையாக எடுத்தது. சேதமில்லாமல் எடுத்தது.

பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ. தம்பி சிரித்துக்கொண்டே சொன்னது தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. முட்டைக்குப் போடுகிற குறி.

ஏரியைச் சுற்றி அவளுக்குப் பதினான்கு கூட்டுப்பெட்டிகள். பொன்கண் வாத்து மரப்பொந்தில் முட்டையிடும் ஜாதி. பெட்டியை மரத்தில் கட்டிவிட்டால் பொந்து என்று நம்பி வந்துவிடும். முட்டை எடுக்கக் கூடாது என்கிறது சட்டம், ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஏணி வைத்து ஏறுவாள். வட்ட ஓட்டைக்குள் கையை விட்டு, பார்க்காமலே தடவி, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். ஒன்றை மட்டும் திரும்ப வைத்துவிடுவாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வாத்து பெட்டியைக் கைவிட்டுவிடும். ஒன்று கிடந்தால் போதும், அந்த ஒன்றை நம்பி மறுபடி மறுபடி வந்து இட்டுக்கொண்டே இருக்கும். விட்டுவைத்தது எது என்று தெரிய அதன்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அடுத்த முறை குறி போட்டதைத் தொடக் கூடாது. புதிதாக வந்ததை எடுக்க வேண்டும். நேற்றுக் காலையில்கூட ஒன்பது பெட்டிகளில் ஏறி இறங்கினாள். தட்டைப் பென்சில் இன்னும் சட்டைப் பையில் இருந்தது.

பத்து மணிக்கு அவள் அசந்து தூங்கவில்லை. முதலில் எடுத்தது அவளைத்தான். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருக்கிறது. குறி போட்டிருக்கிறது. திரும்ப வைத்திருக்கிறது.

அவள் கூப்பிட்டாள், ரெய்மா வந்தான். ஏழு மணிக்கு ஐலி வருவாள்.

போனை எடுத்து 'வராதே' என்று அடித்தாள். அழித்தாள். மகளை அவளுக்குத் தெரியாதா? அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் ராத்திரி உடுப்போடு ஓடி வருவாள். 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, ஒன்பதுக்கு வா' என்று அடித்தாள். ஒன்பதுக்கு வந்தால் மட்டும்? அதையும் அழித்தாள். 'நாங்களே நடந்து வந்துவிடுகிறோம். தூங்கு, கண்ணு.' அனுப்பினாள். போகவில்லை. சும்மா இருந்தாலும் பெண் வருவாள், கத்தினாலும் வருவாள். பொய் சொன்னால்தான் வரமாட்டாள், அந்தப் பொய்யைக் கொண்டுபோக ஒரு கோடு சிக்னல் இல்லை.

கடைசியில் போனை நீட்டிப் பிடித்தபடி கையைத் துணிக்குழாய்க்குள் விட்டாள். வெளியே குளிர். ஒரு கோடு வந்திருக்குமோ என்று கட்டைவிரலை அழுத்தினாள். அப்போது அவள் விரல்கள் ஒவ்வொன்றாக, வலிக்காமல், விரிக்கப்பட்டன. போன் எடுக்கப்பட்டது. தூங்குகிற குழந்தையின் கையைப் போர்வைக்குள் தள்ளுவது போல அவள் கை உள்ளே தள்ளிவிடப்பட்டது.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

சதுப்பின்மேல் போட்ட பலகைப் பாதை வீட்டுச் சாலைவரை மூன்று கிலோமீட்டர். வழியிலேயே ஐலியை மறித்துவிடலாம். பலகைகள் வழுக்கின, மூச்சு நெஞ்சைக் கிழித்தது, முதல் வளைவு போயிற்று, இரண்டாவது பிர்ச் மரம் போயிற்று. பிறகு காலுக்கடியில் பலகை இல்லை. வெதுவெதுப்பு. இறகு மெத்தை. ஒன்றும் தெரியவில்லை.

மூலை. முழங்கால்கள் முகவாயில். கதவில் தாழ்ப்பாள். நெற்றியில் ஈரம்.

மறுபடி ஓடினாள். இந்த முறை வீட்டுப் பக்கம் இல்லை, ஏரிப் பக்கம். காலியான பெட்டிக்கு வாத்து வராது. பெட்டியில் அவள் இல்லாமல் போனால் போதும், இந்த இடத்தோடு எல்லாம் முடிந்துவிடும், பெண் பிழைப்பாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டது. ஐஸ் போய் ஒரு வாரம்கூட ஆகாத தண்ணீர். இன்னொரு அடி வைத்தாள்.

மூலை. முழங்கால்கள். தாழ்ப்பாள்.

மூன்றாவது முறை திரும்ப வைக்கப்பட்டபோது தரை மெத்தென்றிருந்தது. காய்ந்த பாசி. மரப்பட்டைத் துருவல். நடுநடுவே நீலக் கம்பளி நூல், ஓர்வோக்கியின் மேல்சட்டை நூல், பிரித்துப் பிரித்து, சுருட்டி, அவள் உட்காருகிற இடத்தில் மட்டும் கனமாகப் போட்டிருந்தது. வசந்தத்தில் பெட்டிக்கு இரண்டு கை மரத்தூள் போடுவது அவளுக்கும் வழக்கம். அவள் அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

ஆறு மணிக்கு விசில் கேட்டது.

ஐலிதான். சீட்டைப் பார்த்திருக்கிறாள், ஏழுவரை பொறுக்கவில்லை. மஞ்சள் சட்டை, தோளில் பை, கையில் ஃபிளாஸ்க். பலகைப் பாதையில் சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு பலகையாகத் தாண்டித் தாண்டி வந்துகொண்டிருந்தாள். ஹெல்கா கண்ணாடிப் பட்டையில் முகத்தை அழுத்தினாள். ஓடிப்போ என்று கத்தினாள். திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போ என்று தொண்டை கிழியக் கத்தினாள். ஐலி நின்றாள். அம்மாவின் குரல் அப்படி ஒலித்து அவள் கேட்டதே இல்லை. பையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். பெட்டியை நோக்கி.

கதவு அவளுக்குத் திறந்தது. அவள் உள்ளே வந்த பிறகு திறக்கவில்லை. மறுபடி விழுந்திருந்த தாழ்ப்பாளை எடுத்து, இரண்டு பேரும் தோளைக் கொடுத்து முட்டினார்கள். கதவு அசைந்தது, மெத்தென்று எதன்மேலோ அழுந்தியது, திரும்பி வந்து மூடிக்கொண்டது. வெளியே ஏதோ கதவில் சாய்ந்திருந்தது.

வெளியே இருப்பதைப் பற்றி ஐலிக்குக் கவலை இல்லை. அவள் அம்மாவைத்தான் பார்த்தாள். ஈரத் தலை, கிழிந்த நகம், நெற்றியில் கறுப்பு. படித்த படிப்பு கைக்கு வந்துவிட்டது. ஹெல்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அம்மா, என்னைப் பாரு. சிரி. ஒரே ஒரு தடவ சிரிம்மா. ரெண்டு கையையும் தூக்கு. மாமா எங்க?"

ஹெல்கா சிரித்தாள். இரண்டு கையையும் தூக்கினாள். பெண் சொன்னதையெல்லாம் செய்தாள். மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது: பெட்டியில் இப்போது இரண்டு. குறி போட்டது இருக்கும். புதிதாக வந்தது போகும்.

ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். கொதிக்கக் கொதிக்க இருந்த காப்பியைச் சட்டைக் கையில் ஊற்றி நெற்றியில் தேய்த்தாள். தோல் எரிந்தது. தேய்த்தாள். கறுப்பு வழிந்து கண்ணில் இறங்கியது. இன்னும் ஊற்றினாள், தோல் உரியத் தேய்த்தாள். ஐலி அவள் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தாள், அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கட்டிவிட்டது என்று அழுதாள், ஒரு கையால் போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். அவளுடையது வேறு கம்பெனி இணைப்பு. உடனே மணி அடித்தது.

ஹெல்கா தட்டைப் பென்சிலை எடுத்தாள். மகளின் பின்தலையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் தலைவாரிவிட்டபோது திமிறியது போலவே ஐலி திமிறினாள். விடவில்லை. ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அழுத்தி. மறுபடி அதன்மேலேயே.

"இத அழிக்காத, கண்ணு. என்ன நடந்தாலும் அழிக்காத."

"சரிம்மா, அழிக்கல. நீ உக்காரு. கீழ உக்காரு."

அந்த மெத்தென்ற இடத்தில் ஐலியை உட்காரவைத்தாள். தான் தள்ளி, வெறும் பலகையில் உட்கார்ந்தாள். ஐலி போனைக் காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அம்மாவின் நாடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

நடு ஓட்டையின் துணிக்குழாய் உள்பக்கமாக நீண்டது.

ஐலியின் முதுகுக்குப் பின்னால். மெதுவாக. முடிவில்லாமல் நீண்டது. துணி முடிந்த இடத்தில் விரல்கள். பாசி ஒட்டிய, நீளமான, பொறுமையான விரல்கள். பார்க்காமலே தடவின. தரையை. நூலை. ஐலியின் தலைமுடியை. ஐலி திரும்பவில்லை, அம்மாவின் கை என்று நினைத்திருப்பாள். பேசிக்கொண்டே அதன்மேல் தலையைச் சாய்த்தாள். விரல்கள் நெற்றிக்கு வந்தன. நின்றன. முகவாயைப் பிடித்து, முகத்தை ஓட்டையின் வெளிச்சத்துக்குக் கொஞ்சமாகத் திருப்பின.

ஹெல்கா மூச்சு விடவில்லை.

விட்டுவிட்டன.

அந்த நிமிஷம் ஹெல்காவுக்கு வந்தது சந்தோஷம்தான். வாழ்நாளில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. என் பெண் பிழைத்தாள். விரல்கள் பலகையைத் தடவிக்கொண்டு அவள் பக்கம் வந்தன. அவளுடைய வெந்த நெற்றியைத் தொட்டன, ஒன்றும் இல்லை என்று கண்டன. வெதுவெதுப்பாகத் தலையைச் சுற்றி மூடின. ஒரு கீறல்கூட விழாதபடி.

அப்போதுதான் மகள் போனில் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"ஆமா, மூணு பேரக் காணோம், அதுல எங்க மாமாவும் ஒருத்தரு. பத்துப் பேரு பத்தாதுங்க, காடு பெரிசு. ஊர்ல சொல்லி எல்லாரையும் வரச் சொல்லுங்க." நெற்றியில் குறியோடு, மூடிய கண்ணோடு, ஐலி தெளிவாகச் சொன்னாள். "நான் பெட்டியிலயேதான் இருக்கேன். அவங்கல்லாம் வர்ற வரைக்கும் இங்கிருந்து அசையமாட்டேன்."